குன்றும் கோயில்காடும் காத்தல்: புதுக்கோட்டைச் சீமை தரும் பாடம்

சித்தன்னவாசல் அறிவர் கோயிலின் விதானத்தை அண்ணாந்து நோக்குவோர் முதலிற் காண்பது ஒரு தாமரைத் தடாகம். மலர்ந்த தாமரையும் கூம்பிய அரும்பும் விரிந்த இலையும் நிறைந்த அந்நீரில் மீன்கள் துள்ளுகின்றன, அன்னங்கள் நீந்துகின்றன, யானையும் எருமையும் இறங்கி நிற்கின்றன. பவ்வியர் சிலர் கையில் மலர் ஏந்தி நிற்கின்றனர். சமவசரணத்தின் இரண்டாம் பகுதியாகிய காதிகா பூமியை இவ்வோவியம் காட்டுகின்றது என்பர் அறிஞர். இறைவன் திருவறம் உரைக்கும் அவையை அடையுமுன் உயிர்கள் கடந்து செல்ல வேண்டிய இடம் அது.

ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. அத்தடாகத்தில் மாந்தர் சிலரே உளர். மற்றெல்லாம் விலங்கும் பறவையும் மீனும் கொடியுமே. மாந்தர் மலரைக் கொய்யினும், மீன் அவர்களைக் கண்டு அஞ்சவில்லை. யானை விலகி ஓடவில்லை. அறம் கேட்கும் அவைக்குச் செல்லும் வழி பல்லுயிரும் அச்சமின்றி வாழும் நீர்நிலை வழியே செல்கின்றது என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சுண்ணச் சாந்தின்மேல் தீட்டி வைத்தனர் நம் முன்னோர். பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், கி.பி. 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுக்கினார் என்று அங்குள்ள கல்வெட்டு கூறுகின்றது.

ஓவியத்தைக் காப்பதற்கு அரசு தொல்லியல் துறையை அமர்த்தியுள்ளது. ஓவியம் காட்டும் பொருளை, அஃதாவது குன்றையும் சுனையையும் காட்டையும் உயிர்களையும் காப்பவர் யார்? இப்பாடத்தின் வினா இதுவே.

அறவோர் வாழ்ந்த குன்றுகள்

புதுக்கோட்டை மாவட்டம் 1974 சனவரி 14 அன்று அமைந்தது. அதற்கு முன், 1948இல் இந்திய ஒன்றியத்தோடு இணையும்வரை, தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட தனிச் சமத்தானமாக அது விளங்கியது. கல்லணைக் கால்வாய் எட்டும் கிழக்குப் பகுதி நீங்கலாக, இது பெரும்பாலும் வானம் பார்த்த பூமி; வற்றாத ஆறு இல்லாத நாடு. சமவெளியின் நடுவே ஆங்காங்கே மொட்டைப் பாறைக் குன்றுகள் எழுந்து நிற்கின்றன. அவற்றின் அடிவாரந்தோறும் கண்மாய்கள் உள்ளன.

இக்குன்றுகளை நாடியே நம் துறவோர் வந்தனர். சித்தன்னவாசல் குன்றின் கீழைச் சரிவில் உள்ள ஏழடிப்பட்டம் என்னும் குகைத்தளத்தில் 17 கற்படுக்கைகள் உள்ளன. அவற்றுள் பெரியதன் அருகே உள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, சிறுபாவில் இளையர் என்பார் ஓர் அறவோர்க்கு அவ்விருக்கையைச் செய்வித்த செய்தியைக் கூறுகின்றது. அது கி.மு. முதல் நூற்றாண்டினது என்பது கல்வெட்டறிஞர் கருத்து. பிற படுக்கைகளில் திருநீலன், திருப்பூரணன், திருச்சாத்தன் முதலிய துறவோர் பெயர்கள் பிற்கால எழுத்தில் காணப்படுகின்றன. நார்த்தாமலையின் ஆளுருட்டிமலையிலும் தேனிமலையின் ஆண்டார்மடத்திலும் செட்டிப்பட்டிச் சமணர்குண்டிலும் நம் சமயத்தின் சுவடுகள் உள்ளன. தேனிமலையில் மலயத்துவசன் என்னும் துறவி தவம் இயற்றியதையும், இருக்குவேள் அவரைக் கண்டு அறக்கொடை அளித்ததையும் கல்வெட்டு சொல்லுகின்றது. தேன் அடைகளால் பெயர் பெற்ற மலையில், தேனை விலக்கிய அறவோர் வாழ்ந்தனர்! தேனீக்கு அவர்களால் தீங்கில்லை. அவர்களுக்குத் தேனீயாலும் தீங்கிருந்திராது.

துறவோர் குன்றைத் தேர்ந்ததற்குத் தனிமை மட்டும் காரணமன்று. பாறையில் பெய்யும் மழை வழிந்து பள்ளத்தில் தங்கிச் சுனையாகின்றது. எஞ்சிய நீர் அடிவாரக் கண்மாயை நிரப்புகின்றது. கண்மாயால் ஊர் வாழ்கின்றது. ஊரால் துறவோர்க்கு உணவு கிடைக்கின்றது. குன்று, சுனை, கண்மாய், ஊர், பள்ளி ஆகிய ஐந்தும் ஒரு சங்கிலியின் கண்ணிகள். குன்றை உடைத்தால் கற்படுக்கை மட்டும் அழிவதில்லை. அதன் நீர்வரத்தை நம்பிய கண்மாயும் வறளும்.

அய்யனார் காத்த காடு

இன்று தமிழ்ச் சமணக் குடும்பங்கள் பெரும்பாலும் வந்தவாசி, செய்யாறு, திண்டிவனம் முதலிய வடபகுதிகளிலேயே வாழ்கின்றன. புதுக்கோட்டைக் குன்றுகளின் அடியில் வாழ்பவர் பிற சமயத்தார். ஆயினும் அவர்கள் தம் வழியில் ஓர் அரிய அறத்தைப் போற்றி வந்துள்ளனர். அதுவே கோயில்காடு.

சோழமண்டலக் கடற்கரையை ஒட்டிய சமவெளியில் ஒரு காலத்தில் பரவியிருந்தது வெப்பமண்டல உலர் பசுமைக்காடு. வீரை, உலக்கைப்பாலை, காசான், காரை, காட்டெலுமிச்சை முதலிய மரங்களும், அவற்றைப் பின்னும் கொடிகளும் நிறைந்த குறுங்காடு அது. கோடையிலும் இலை முழுதும் உதிர்க்காதது. உழவுக்கும் விறகுக்கும் அக்காடு பெரும்பாலும் அழிந்துவிட்டது. எஞ்சிய துண்டுகளிற் பல, புதுக்கோட்டை மாவட்டத்தில் அய்யனார் கோயில்களையும் அம்மன் கோயில்களையும் சூழ்ந்தே நிற்கின்றன. கீரமங்கலத்தை அடுத்த குளமங்கலத்தில் உள்ள அய்யனாருக்குப் பெருங்காரையடி மீண்ட அய்யனார் என்று பெயர். மரத்தின் பெயரே தெய்வத்தின் பெயராயிற்று!

இத்தகைய காடுகள் பலவற்றில் பச்சைக் கிளையை ஒடிக்கலாகாது, காய்ந்த விறகையும் வீட்டுக்கு எடுத்துச் செல்லலாகாது, செருப்பணிந்து நுழையலாகாது. வேலியும் காவலரும் இல்லாமல், ஊரார் மனத்தில் இருந்த கட்டுப்பாடு ஒன்றே பல தலைமுறையாகக் காட்டைக் காத்தது. நாம் இதனைத் தெய்வ அச்சம் என்று கூறி ஒதுக்கிவிடலாகாது. ஒரு பொதுச் சொத்தை எல்லோரும் காப்பதும், எவரும் தனக்கென எடாமையும் விரதமன்றி வேறென்ன?

அவ்விரதம் இன்று தளர்ந்து வருகின்றது. திருப்பணி என்ற பெயரில் மரங்களை வெட்டிச் சிமெண்டுத் தளம் இடப்படுகின்றது. சாலைக்கும் வாகன நிறுத்தத்திற்கும் காட்டின் ஓரம் போகின்றது. எஞ்சிய இடத்தில் சீமைக் கருவேலம் நுழைகின்றது. காட்டுக்கு வெளியேயோ, வனத்தோட்டக் கழகம் நெடுங்காலமாக வளர்த்துவரும் தைல மரத்தோப்புகள் பரந்து கிடக்கின்றன. அவை நிலத்தடி நீரைக் குறைக்கின்றன என்றும், மழைநீர் கண்மாய்க்கு வருவதைத் தடுக்கின்றன என்றும் மாவட்ட உழவர்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு வருகின்றனர். தைல மரத்தோப்பைக் காடு என்று எண்ணுவது பிழை. வரிசையாய் நிற்கும் ஒரே மரத்தில் பழந்தின்னி வௌவாலுக்குப் பழம் ஏது?

அறநூல் கூறுவது

நில உயிர், நீர் உயிர், தீ உயிர், காற்று உயிர், தாவர உயிர் என ஓரறிவுயிர் ஐவகைப்படும் என்பது நம் சிறார்க்கும் தெரிந்த பாடம். இல்லறத்தார் இவற்றுக்கு முற்றும் தீங்கின்றி வாழ்தல் இயலாது. உழுதலும் சமைத்தலும் நீரிறைத்தலும் வேண்டும். ஆகவேதான் சமந்தபத்திர ஆசாரியர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் அனர்த்ததண்ட விரதத்தை வகுத்தார். பயனின்றி மண்ணைத் தோண்டுதல், நீரை வீணாக்குதல், தீ மூட்டுதல், செடிகொடிகளை வெட்டுதல் ஆகியவற்றை அலட்சியத்தால் விளையும் குற்றமாக அவர் வைத்தார். பிற்காலச் சிராவகாசார நூல்கள் காட்டை அழித்துப் பிழைத்தல், கரி சுடுதல், நிலத்தைப் பிளத்தல் முதலிய தொழில்களையும் விலக்கின. உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவுதற்கு உரியன என்னும் தத்துவார்த்த சூத்திரத்தின் கருத்தும் இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கது.

இங்கு ஓர் ஐயம் எழும். சீமைக் கருவேலத்தை வேரோடு களைவதும் ஓர் உயிருக்குத் தீங்கல்லவா? ஆம், தீங்கே. அதனை இல்லையென்று மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் இம்சையைச் சங்கல்பீ, ஆரம்பீ, உத்யோகீ, விரோதீ என நால்வகையாகப் பகுத்த நம் ஆசாரியர்கள், கொல்லும் நோக்குடன் செய்யும் சங்கல்பீ இம்சையை இல்லறத்தான் அறவே விலக்க வேண்டும் என்றும், ஏனையவற்றை இயன்றவரை குறைக்க வேண்டும் என்றும் கூறினர். பல உயிர்களின் உறைவிடத்தை மீட்கச் செய்யும் செயல் ஆரம்பீ இம்சையின்பாற்படும். ஆகவே எச்சரிக்கையுடன் செய்தல் கடமை. தீ வைத்தலாகாது. கூடும் முட்டையும் உள்ள மரத்தை அப்பருவத்தில் தொடலாகாது. காய் முற்றுமுன் களைந்தால், ஆடு மாடுகள் அதனைத் தின்று சாணத்தின் வழி விதை பரப்புவது தடைப்படும். பின்னர் ஆயிரம் செடிகளைக் களையும் தேவையும் இராது. வேரின் கழுத்துவரை எடாமல் மேலே வெட்டினால் மீண்டும் துளிர்க்கும். துளிர்த்ததை மறுபடி வெட்ட வேண்டிவரும். அரைகுறை வேலை இம்சையைப் பெருக்கும்.

முதற்படி: அறிதல்

புதுக்கோட்டை மாவட்டம் கல்விக்கு ஒரு பெரும் சான்று. 1991-92 ஆண்டுகளில், ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் அங்கே ஊர்தோறும் பரவியது. ஊதியம் பெறாத தொண்டர்கள் மாலைதோறும் அரிக்கேன் விளக்கொளியில் எழுத்துக் கற்பித்தனர். பெண்கள் பல்லாயிரவர் மிதிவண்டி ஓட்டக் கற்றுச் சாலைகளில் சென்றனர். கல்லுடைக்கும் பெண்கள் குழுவாகச் சேர்ந்து கல்குவாரிகளைத் தாமே குத்தகைக்கு எடுத்துக் கொத்தடிமை நிலையினின்று மீண்டனர்.

இச்செய்தி நமக்கு இரு பாடங்களைத் தருகின்றது. ஒரு மாவட்டமே தொண்டர்களால் கல்வி பெற முடியும் என்பது முதலாவது. இரண்டாவது சற்றுக் கசப்பானது. நாம் காக்க விரும்பும் குன்றும், ஓர் ஏழைப் பெண்ணின் அடுப்பெரிய உதவிய கல்லும் ஒன்றே. வெளியூரிலிருந்து வந்து, மலையை உடைக்காதே என்று கூறிவிட்டுப் பேருந்தேறிச் செல்பவன் அறம் செய்தவன் ஆகான். எந்தக் குன்று காக்கப்பட வேண்டியது, எந்தப் பாறை பயன்படத் தக்கது, கல்லை விட்டவர்க்கு மாற்றுப் பிழைப்பு யாது என்பவற்றை அவ்வூராரோடு அமர்ந்து பேசியறிதலே கல்வி.

இரண்டாம் படி: பேணல்

சில ஆண்டுகளுக்கு முன் நம்மவர் குழுவொன்றுடன் அம்மாவட்டத்துக் குன்று ஒன்றுக்குச் சென்றிருந்தேன். கற்படுக்கைகளை வணங்கினோம், தோத்திரம் பாடினோம், நிழலில் அமர்ந்து உணவருந்தினோம். இறங்கும்போது ஆடு மேய்க்கும் மூதாட்டி ஒருவர் எங்களை நிறுத்தினார். கையில் நாங்கள் விட்டுவந்த பிளாஸ்டிக் தட்டுகளும் தண்ணீர்ப் புட்டிகளும் இருந்தன. "சாமி கும்புட வந்தவுக சுனையில இப்பிடிப் போடலாமாய்யா? எங்க ஆடு குடிக்கிறதும் இந்தத் தண்ணிதான்" என்றார். அவர் குரலில் சினமில்லை. அதனாலேயே எங்கள் தலை தாழ்ந்தது. வடிகட்டிய நீரையே அருந்தும் மரபினர் நாம். பிற உயிர் அருந்தும் நீரைக் கெடுத்துவிட்டு வந்தோம்! அன்று மறுபடி மேலேறிச் சுனையைத் துப்புரவு செய்தோம். அன்றைய வழிபாட்டில் அதுவே நிறைவான பகுதி என்று இன்றும் எண்ணுகின்றேன்.

அகிம்சை நடை என்னும் பெயரில் நம் சமூகத்தார் தொன்மையான சமணத் தலங்களுக்குச் சென்று வருவது மகிழ்ச்சிக்குரியது. அத்தகைய பயணங்களில் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளலாம்.

1. உணவைக் குன்றின்மேல் கொண்டுசெல்லாமல் அடிவாரத்திலேயே முடித்துக்கொள்ளுதல். கொண்டுவந்த பொருள் அனைத்தையும் திரும்பக் கொண்டுபோதல்.

2. பழஞ்சிற்பங்களுக்கு எண்ணெயோ பாலோ சார்த்தாமை, கற்படுக்கையில் வண்ணம் பூசாமை, பெயர் கீறாமை. பக்தியால் செய்யினும் அழிவு அழிவே.

3. தேனடை உள்ள பாறையருகே புகையும் கூச்சலும் தவிர்த்தல்.

4. மரம் நட விரும்பின், அவ்வூர்க் கோயில்காட்டின் வித்துக்களையே ஊராரின் இசைவோடு பெற்று நாற்றாக்கி, ஐப்பசி கார்த்திகை மழையில் நடுதல். நட்டபின் ஈராண்டு நீரூற்றும் பொறுப்பை எவர் ஏற்பார் என்று முடிவு செய்த பின்னரே குழி தோண்டுதல்.

இம்மாவட்டத்தின் சேந்தன்குடியில் வாழ்ந்து 2018இல் மறைந்த மரம் தங்கசாமி இதற்கொரு வழிகாட்டி. தம் விளைநிலத்தையே காடாக்கிய உழவர் அவர். பெயரோடு மரம் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குச் சென்ற இடமெல்லாம் மரக்கன்று வழங்கினார். அவர் மறைந்த இரு திங்களில் கஜா புயல் இம்மாவட்டத்து மரங்களைச் சாய்த்தது. காடு வளர்த்தல் ஒரு தலைமுறையோடு முடியும் வேலையன்று என்பதை அந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகின்றது.

மூன்றாம் படி: முறையிடல்

அறிதலும் பேணலும் போதாத வேளையும் வரும். மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி அதற்குச் சான்று. அங்குள்ள கழிஞ்சமலையில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளும் தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பமும் உள்ளன. அவ்வூரார் தம் ஏழு குன்றுகளையும் சுனைகளையும் ஏரிகளையும் கண்போல் காத்தனர். ஆர்வலரின் துணையோடு ஏறத்தாழ 250 வகைப் பறவைகளைப் பதிவு செய்தனர். அதன் பயனாக 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களின் ஏறத்தாழ 193 எக்டேர் நிலம் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது.

ஈராண்டு செல்லுமுன், 2024 நவம்பரில், அப்பகுதியை உள்ளடக்கிய பெரும் நிலப்பரப்பில் டங்ஸ்டன் கனிமம் எடுக்கும் உரிமைக்கான ஏலத்தின் முடிவை ஒன்றிய அரசு வெளியிட்டது. கிராம சபைகள் கூடி எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றின. டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் தீர்மானம் இயற்றியது. 2025 சனவரி 7 அன்று பல ஊர்மக்கள் திரண்டு மதுரை நோக்கி நடந்தனர். சனவரி 23 அன்று ஏலம் கைவிடப்பட்டது. வெற்றிக்கு அடிப்படை, போராட்டத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே எழுதி வைத்த பறவைப் பட்டியலும் சுனைக் கணக்கும் என்பதை நாம் மறத்தலாகாது. தன்னிடம் இருப்பது இன்னதென்று அறியாத ஊர், இழக்கும்போது என்ன சொல்லி முறையிடும்? 2025இல் திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டிக் கோயில்காடும் இத்தகைய தலமாக அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு 5 எக்டேருக்கும் சற்றுக் குறைவே. சிறிய காடும் சட்டத்தின் காப்பைப் பெற இயலும் என்பது இதனால் தெளிவு.

புதுக்கோட்டைக் குன்றுகளுக்கு இது ஏன் வேண்டும்? தொல்லியல் சட்டத்தின் 2010ஆம் ஆண்டுத் திருத்தம், ஒன்றிய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டரைத் தடை செய்யப்பட்ட பகுதியாகவும், அதற்கப்பால் 200 மீட்டரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியாகவும் வகுத்தது. அந்த எல்லைக்கு அப்பால் உள்ள குன்றின் தொடர்ச்சிக்கும், பட்டியலில் இடம்பெறாத சிறு குகைகளுக்கும் அச்சட்டத்தின் துணை இல்லை. 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டம் அவ்விடைவெளியை நிரப்ப வழி செய்கின்றது. அதன்படி ஒவ்வோர் ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும்.

ஆகவே முறையிட விரும்புவோர் முதலில் குன்றின் புல எண்ணையும், அது புறம்போக்கா, கோயில் நிலமா, காப்புக்காடா என்பதையும் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டறிக. பின்னர் ஊராட்சியின் பல்லுயிர்ப் பதிவேட்டில் அக்குன்றும் சுனையும் இடம்பெற்றனவா என்று நோக்குக. இல்லையெனின் சேர்க்குமாறு எழுதித் தருக. குவாரி உரிமம் பற்றிய செய்தியைத் தகவல் உரிமைச் சட்டத்தின்வழிப் பெறலாம். சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் தமிழ்நாட்டில் கிராம சபை கூடும். அங்கே பேசும் உரிமை அவ்வூர் வாக்காளருக்கே உரியது. நாம் விருந்தினர், அவர்கள் கேட்கும் சான்றுகளையும் வரைபடத்தையும் கல்வெட்டுச் செய்தியையும் திரட்டித் தருவதே நம் பங்கு. இம்முயற்சியில் நமது கோயில் என்ற சொல்லைவிட நம் எல்லோருடைய குன்று என்ற சொல்லே பயன் தரும். அதுவே உண்மையும் ஆகும்.

நிறைவாக

ஏழடிப்பட்டத்தின் படுக்கையில் உறங்கிய துறவோர் அக்குன்றைத் தமதென்று கொண்டாரல்லர். பற்றற்றோர் வாழ்ந்த இடத்தைப் பற்றுடைய நாம் காக்க முன்வருகின்றோம். அப்பற்றும் உடைமைப் பற்றாக மாறாமல் தொண்டாக நிற்கட்டும். நாம் அறியாத ஆடு மேய்க்கும் மூதாட்டியும், அய்யனாருக்கு மண்குதிரை சார்த்தும் குடியானவரும் இத்தனை காலம் காத்ததன் பயனையே இன்று நாம் தரிசிக்கின்றோம். அவர்களுக்கு நாம் பட்ட கடன் பெரிது.

குடும்பத்தோடு சிந்திக்க

1. நம் ஊரின் குன்று, ஏரி, தோப்பு ஆகியவற்றுள் எவருக்கும் தனியுரிமை இல்லாத இடங்கள் யாவை? அவற்றில் வாழும் பத்து உயிர்களின் பெயரைக் கூற இயலுமா?

2. சென்ற யாத்திரையில் நாம் எதனை விட்டுவந்தோம்? எதனைக் கொண்டுவந்தோம்?

3. அனர்த்ததண்ட விரதத்தை நம் வீட்டில் நீரிலும் விறகிலும் மண்ணிலும் எவ்வாறு கைக்கொள்ளலாம்?

4. அடுத்த முறை சித்தன்னவாசல் செல்லும்போது, விதானத்துத் தடாகத்தில் உள்ள உயிர்களைச் சிறார் எண்ணட்டும். பின் வெளியே வந்து, அவற்றுள் எத்தனை வகை இன்றும் அச்சுற்றுப்புறத்தில் உள்ளன என்று தேடட்டும். இரண்டு எண்ணிக்கைக்கும் உள்ள வேற்றுமையே நம் முன்னுள்ள கடமையின் அளவு.